4 ரூபாச் சைக்கிளும் 18 ரூபாச் சைக்கிளும்

நமது சஞ்சிகைகளில் பழைய சைக்கிளைப் பற்றி வரும் நினைவுக் குறிப்புகளை வாசிக்கும் போதெல்லாம் எனக்கு ஒரு குறை தென்படுவதுண்டு. வாடகைக்கு எடுத்து ஓடியது, பாருக்குக் கீழால் காலை விட்டு மிதித்தது, முழங்கால் தோல் உரிந்தது, வாப்பாவிடம் ஏச்சு வாங்கியது. எல்லாம் உண்மை, எல்லாம் இனிமை. ஆனால் இந்த நினைவுகளில் சைக்கிள் ஒரு விளையாட்டுப் பொருளாகவே வந்து போகின்றது. அந்தச் சைக்கிள் நம் கைக்கு எப்போது கிடைத்தது என்று யாரும் எழுதுவதில்லை. பெரியவர் தொழிலுக்குப் போய் வந்து, பகல் சாப்பாட்டுக்குப் பின் அயர்ந்து தூங்கிய அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் கிடைத்தது.

இலங்கையின் பிரதேச சபைகள் வர்த்தமானியில் அறிவித்து வந்த வாகன, மிருக வரிப் பட்டியலை வாசித்திருப்பவர்கள் இதனை உடனே புரிந்து கொள்வார்கள். அப்பட்டியலில் யானைக்கு 50 ரூபா. குதிரைக்கும் கோவேறு கழுதைக்கும் 15 ரூபா. மாட்டு வண்டிலுக்கு 20, கைவண்டிலுக்கு 10. துவிச்சக்கர வண்டிக்கு மட்டும் இரண்டு வரிகள். சொந்தப் பாவனைக்கு என்றால் 4 ரூபா, வியாபாரத் தேவைக்கு என்றால் 18 ரூபா. ஒரே இரும்பு, ஒரே டயர். பின் கெரியரில் மீன் பெட்டி ஏறியதும் வரி நாலரை மடங்காகின்றது. நாம் எழுதுவதெல்லாம் 4 ரூபாச் சைக்கிளின் கதை. 18 ரூபாச் சைக்கிளின் கதையை எழுத ஆளில்லை.

நான் பிறந்து வளர்ந்தது பேலியகொடையில். களனி கங்கையைக் கடந்து கொழும்பை விட்டு வெளியேறுபவனுக்கு முதலில் எதிர்ப்படும் ஊர் அது. 1895இல் திறக்கப்பட்ட விக்டோரியாப் பாலத்துக்கு முன் அங்கே ஓடங்களை அடுக்கிக் கட்டிய மிதவைப் பாலம்தான் இருந்தது. கண்டிக்குப் போகும் ஏ-1 வீதி அவ்வழியே செல்கின்றது. நீர்கொழும்பு, சிலாபம் ஊடாகப் புத்தளம் போகும் ஏ-3 வீதி அங்கேயே பிறக்கின்றது. எண்பதுகளின் இறுதியில் விடியற்காலையில் அச்சந்தியில் நின்றால் லொறிகளுக்கு முன்பாகச் சைக்கிள்கள்தாம் தெரியும். சென். ஜோன்ஸ் சந்தையில் மீன் எடுத்துக்கொண்டு பாலம் கடந்து வருபவர்கள், பாண் பெட்டிக்காரர்கள், ஐஸ் பழக்காரர்கள், போத்தலும் பழைய பேப்பரும் வாங்குபவர்கள். சுபஹுத் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் மதிலோரம் சாய்த்து வைத்த சைக்கிளை எடுத்துப் புறப்படும் நம்மவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

என் மாமா அங்கே வீதியோரத்தில் சைக்கிள் திருத்தும் சிறு கடை வைத்திருந்தார். கடை என்பதே பெரிய வார்த்தை. தகரக் கூரை, ஒரு தண்ணீர்ப் பேசின், காற்றடிக்கும் பம்ப், மூன்று நான்கு ஸ்பேனர், ஒரு ரின் சொலூஷன். ரியூபைக் கழற்றிக் காற்றடித்துப் பேசினுக்குள் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைத் தேடுவது எனக்குத் தரப்பட்ட வேலை. 1989 ஜூன் வெள்ளத்தில் களனி கங்கை ஊருக்குள் வந்து போன பிறகு அந்தக் கடையில் ஒரு மாதம் மூச்சு விட நேரமிருக்கவில்லை. சேறு புகுந்த சக்கரக் குடங்களைக் கழற்றி, சிறு இரும்புக் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, புதிதாகக் கிறீஸ் வைத்துப் பூட்ட வேண்டும். சிங்களவர், தமிழர், நம்மவர் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். முதலில் யாருடையதைச் செய்வது என்பதற்கு மாமா ஒரே கேள்விதான் கேட்பார்: "நாளைக்கு இதில யாவாரத்துக்குப் போகணுமா?" ஆம் என்றவருடையது முதலில். எங்கள் வீட்டுச் சைக்கிள் கடைசியாகத்தான் பூட்டப்பட்டது.

அக்காலத்துச் சைக்கிள் எளிமையானது என்கிறோம். எளிமைக்குப் பின்னால் நல்ல பொறியியல் இருந்தது. 1885இல் இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி அமைத்த 'ரோவர்' சைக்கிளில் இரு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவு, பின் சக்கரத்துக்குச் செயின். அந்த உடலமைப்புதான் இன்று வரை. ரலி நொட்டிங்காமில் இருந்து வந்தது. ஹேர்குலிஸ், பி.எஸ்.ஏ. இரண்டும் பேர்மிங்காம். பி.எஸ்.ஏ. என்பதில் உள்ள கடைசி இரண்டு எழுத்துகள் சிறு ஆயுதங்களைக் குறிப்பன. துப்பாக்கி செய்த கம்பனி சைக்கிளும் செய்தது. ஹம்பர் வண்டியை இருட்டிலும் கையால் தடவிக் கண்டுபிடிக்கலாம், முன் கவைக்கு இருபுறமும் இரட்டைக் குழாய். இவை எல்லாவற்றையும் வீதியோரத்தில் குந்தியிருந்து முழுவதுமாகக் கழற்றிப் பூட்டலாம். கம்பிப் பிரேக், 28 அங்குலச் சக்கரம், வால்வுக்கு மேல் மாட்டும் ஒரு துண்டு இறப்பர்க் குழல். பின்னாளில் பாணந்துறையில் உற்பத்தியான லுமாலா சைக்கிள்களும் நம் ஊர்களில் நிறைந்தன. மாமாவின் ஸ்பேனர்கள் அவற்றுக்கும் போதுமாயிருந்தன.

டயரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பேலியகொடையில் இருந்து கண்டி வீதியில் போய்ச் சற்று விலகினால் கம்பஹாவில் ஹெனரத்கொடைத் தாவரவியல் பூங்கா வரும். 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலில் இருந்து கொண்டுபோன விதைகளை இலண்டன் கியூ பூங்காவில் முளைக்க வைத்து, ஏறத்தாழ 1900 நாற்றுகளை இலங்கைக்கு அனுப்பினார்கள். அவை நடப்பட்டது ஹெனரத்கொடையில். அப்போது இறப்பருக்கு இந்நாட்டில் பெரிய மதிப்பில்லை. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் பொய்ட் டன்லொப் தன் மகனின் முச்சக்கர வண்டிக்குக் காற்று நிரப்பிய இறப்பர்க் குழாயைப் பொருத்தினார். தொண்ணூறுகளில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் சைக்கிள் பைத்தியம் பிடித்து அலைந்தன. இறப்பரின் விலை ஏறியது. அந்தப் பேராசையில் ஆபிரிக்காவின் கொங்கோவில் லியோபோல்ட் மன்னனின் ஆட்கள் இறப்பர் சேர்த்துத் தராத மக்களின் கைகளை வெட்டினார்கள். இங்கே தோட்டங்கள் பெருகின. நம் மண்ணில் வடிந்த பால் இங்கிலாந்துக்குப் போய், டயராகத் திரும்பி வந்து, ஹெனரத்கொடை வழியே மீன் பெட்டியைச் சுமந்து உருண்டது. மாணவர்களுக்குக் குடியேற்றப் பொருளாதாரம் கற்பிக்க எனக்கு இதைவிட வசதியான உதாரணம் கிடைக்கவில்லை.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. துவிச்சக்கர வண்டி என்பது நமது அரசாங்கத் தமிழ். தமிழ்நாட்டில் மிதிவண்டி என்கிறார்கள். சிங்களத்தில் பாபெதிய என்று ஓர் அழகிய சொல் உண்டு. வீதியில் எல்லோருக்கும் அது சைக்கிள்தான், பைசிகள்தான். கலாசாலையில் படிக்கும் காலத்தில் கட்டுரையில் 'சைக்கிள்' என்று எழுதினால் சிவப்பு மை விழும். இப்போது நான் மாணவர்களுக்கு அந்தச் சிவப்பு மை போடுவதில்லை.

இனி 18 ரூபாச் சைக்கிளுக்கு வருவோம். கண்டி இராச்சிய காலத்தில் முஸ்லிம்கள் தவளம் எனும் பொதிமாட்டு வணிகத்தை நடத்தியதை வரலாற்றாசிரியர்கள் விரிவாகவே எழுதியுள்ளனர். கரையோரத்தில் இருந்து உப்பும் கருவாடும் புடவையும் மலைநாட்டுக்கு ஏறும், பாக்கும் மிளகும் கீழே இறங்கும். அரசனின் போக்குவரத்துப் பகுதியான 'மடிகே பத்த'வில் நம்மவர் பணியாற்றியதை லோனா தேவராஜா தமது நூலில் எடுத்துக் காட்டுகின்றார். ஆங்கிலேயர் வீதியும் புகையிரதமும் போட்டபின் தவளம் மறைந்தது என்று அந்த அத்தியாயத்தை முடித்துவிடுகின்றோம். பொதிமாடு போனது. அந்த வியாபாரி போகவில்லை. பிரதான வீதியில் லொறியும் பஸ்ஸும் ஓடின. வயல் வரம்பிலும் தென்னந்தோட்டத்து ஒற்றையடிப் பாதையிலும் அவை ஓடவில்லை. அந்தக் கடைசி இரண்டு மூன்று மைலில் மாட்டின் இடத்தைப் பிடித்தது சைக்கிள். கெரியரில் புடவைப் பொட்டணியைக் கட்டிக்கொண்டு சிங்களக் கிராமங்களுக்குப் போய், கடனுக்குக் கொடுத்து, அறுவடைக்குப் பிறகு பணம் வாங்கிய நம் மூத்த தலைமுறையினர் தவளத்தின் நேரடி வாரிசுகள். அவர்களில் பலருக்கு எழுத்து வராது, கணக்கு முழுவதும் மனதில். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் தேத்தண்ணீர் தருவார்கள், எந்த வீட்டில் மரணம் நடந்ததால் இம்மாதம் கடன் கேட்கக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்குப் பாடம். இரு சமூகங்களும் கூடி வாழ்ந்தமைக்கு மன்னர் காலத்துச் செப்பேடுகளைத் தேடிப் போகும் நாம், இந்தச் சைக்கிள்காரர்களில் உயிரோடு இருப்பவர்களிடம் ஒரு நாளாவது போய் உட்காரவில்லை. இது எனக்கு வருத்தம் மட்டுமல்ல, கோபமும்கூட.

ஏ-3 வீதி பேலியகொடையில் தொடங்கிப் புத்தளத்தில் முடிகின்றது என்றேன். எனக்குத் தொழில் கிடைத்ததும் அந்த வீதி முடியும் பக்கத்தில்தான். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலைப் பயிற்சிக்குப் பின் புத்தளம் மாவட்டத்துக் கிராமமொன்றில் படிப்பிக்கிறேன். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்தில் இருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெருந்தொகையினர் வந்து சேர்ந்த மாவட்டம் இது. மன்னார்த் தீவு மக்கள் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். யாழ்ப்பாண நகரத்து மக்களுக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். கையில் கொண்டுபோக விட்டது உடுபுடவையும் சிறு தொகைப் பணமும். நகை, வீட்டு உறுதி, கடைச் சாமான் என்று இழப்புகளைப் பட்டியலிட்டிருக்கிறோம். பட்டியலில் சைக்கிள் எங்கோ அடியில் கிடக்கின்றது.

யுத்தம் முடிந்தபின் மீள்குடியேற்றத்துக்கும் இழப்பீட்டுக்கும் படிவங்கள் நிரப்பும் காலம் வந்தது. கிராமத்து ஆசிரியன் என்றால் படிவம் நிரப்புபவன் என்றும் பொருள். மன்னார்ப் பக்கத்து முதியவர் ஒருவர் வந்தார். ஊரில் சைக்கிளில் மீன் விற்றவர். வீடு, காணி என்று நான் எழுதத் தொடங்க, அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "சேர், மொதல்ல சைக்கிள எழுதுங்க. ரலி. பச்ச நிறம். வீடு போனா சொந்தக்காரன்ட திண்ணையில படுக்கலாம். சைக்கிள் போனதாலதான் நான் கூலிக்குப் போனன்." 'வாகனங்கள்' என்ற பகுதிக்குப் புரட்டினேன். அங்கே மோட்டார் வாகனப் பதிவு இலக்கம் கேட்டிருந்தது. வரி வாங்கும் பட்டியலில் வாகனமாக இருந்தது, இழப்பைக் கணக்கிடும் பட்டியலில் வாகனமாக இல்லை. 'ஏனையவை' என்ற கோட்டில் எழுதினேன். பச்சை நிறம் என்பதையும் எழுதினேன், இடம் போதவில்லை.

அவர்கள் விட்டு வந்த வடக்கிலும் சைக்கிளுக்கு வேறொரு காலம் பிறந்தது. பொருளாதாரத் தடையால் எரிபொருளும் பற்றரியும் இல்லாத யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளில் நோயாளியை ஏற்றியது சைக்கிள். அதைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள்.

என் ஊருக்குப் போகும்போது இப்போது பழைய சந்தியே அடையாளம் தெரிவதில்லை. சென். ஜோன்ஸ் மீன் சந்தையே 2011இல் பேலியகொடைக்கு வந்துவிட்டது. 2020 ஒக்டோபரில் கொவிட் அங்கே பரவியபோது நாடே அந்தப் பெயரை அறிந்தது. 2013இல் கட்டுநாயக்க அதிவேகப் பாதை அங்கிருந்து திறக்கப்பட்டது. அதில் சைக்கிள் ஏற அனுமதியில்லை. மீன்காரர்கள் மோட்டார் சைக்கிளுக்கும் முச்சக்கர வண்டிக்கும் மாறினார்கள். அவர்களின் கால்களுக்கு அது ஆறுதல், அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இருபது கிலோ இரும்பில் நாற்பது கிலோ மீனைக் கட்டி மேட்டில் ஏறியவனிடம் போய்ப் பழைய சைக்கிளின் அழகைப் பற்றிப் பேசிப் பாருங்கள்.

பின் 2022 வந்தது. 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் 2022 ஜூன் இறுதியில் 470 ரூபா. ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. கோழிக்கூட்டுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்களை எல்லோரும் வெளியே இழுத்தார்கள். இறக்குமதிக் கட்டுப்பாட்டால் புதியவற்றின் விலை எகிறியது. எங்கள் கிராமத்தில் திருத்துபவர் ஒருவர்கூட இல்லை. ஆசிரியர் வேலை முடிந்ததும் நான் ஒரு பேசினை வைத்துக்கொண்டு ரியூப் ஒட்ட உட்கார்ந்தேன். மாமாவின் கேள்வியை நானும் கேட்டேன்.

அந்த நாட்களில் நடந்த இன்னொன்றையும் பதிவு செய்ய வேண்டும். நாம் எழுதும் சைக்கிள் நினைவுகளில் நம் சகோதரிகள் எங்கே? என் ராத்தா எங்கள் சைக்கிளைத் துடைத்திருக்கிறா, ஓட்டியதில்லை. புதுக்கோட்டையில் 1991, 1992 காலத்தில் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கமளித்த அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். முஸ்லிம் பெண்களும் அதில் இருந்தார்கள். இங்கே அப்படி ஓர் இயக்கம் வரவில்லை, எரிபொருள் தட்டுப்பாடு வந்தது. முச்சக்கர வண்டி ஓடாததால் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் தம்பிமாரின் சைக்கிளில், அபாயாவின் விளிம்பைச் செயினில் படாமல் செருகிக்கொண்டு, மூன்று கிலோமீற்றர் மிதித்து வந்தார்கள். பள்ளிவாசல் முன்னால் இருந்த பெரியவர்கள் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. கியூ.ஆர். முறையில் பெற்றோல் கிடைக்கத் தொடங்கியதும் பாதிப் பேர் நிறுத்திவிட்டார்கள். மீதிப் பேர் நிறுத்தவில்லை. சென்ற வாரம் பாடசாலைக் கொட்டிலில் எண்ணினேன். பதினேழு சைக்கிள். அதில் ஆறு பெண் பிள்ளைகளுடையது. ஒன்றின் கெரியரில் உம்மா அவித்த இடியப்பப் பெட்டி கட்டியிருந்தது, காலையில் வரும் வழியில் கடைகளுக்குக் கொடுத்துவிட்டு வருகிறாளாம்.