கிருஷ்ணகிரிக்குப் போன குட்டி ரயில்

போன மாசம் ஜவ்வாது மலைக்கு ஒரு ட்ரிப். காவலூர் வானாய்வகம் பார்த்துட்டு, கீழே திருப்பத்தூர் ஸ்டேஷன்ல சென்னை வண்டிக்காகக் காத்திருந்தோம். கூட வந்த நண்பனுக்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரி. "நான் பஸ்லதான் போகணும், எங்க ஊருக்கு ட்ரெயினே கிடையாது"ன்னான். "இதே திருப்பத்தூர்லேர்ந்து 1905-லயே உங்க ஊருக்கு ட்ரெயின் விட்டாங்கடா"ன்னேன். சிரிச்சான். நம்பவே இல்லை.

ஆனா நிஜம். சுமார் 25 மைல் நீளம். தண்டவாள அகலம் வெறும் 762 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அடி. ஊட்டி மலை ரயிலுக்கே 1,000 மில்லிமீட்டர்! திருப்பத்தூர் வழியா போற மெயின் லைன் 1,676. அதுல பாதிகூட இல்லாத பாதையில ஒரு நீராவி இன்ஜின் புகை விட்டுட்டுப் போறதை யோசிச்சுப் பாருங்க.

இதை உல்லாசப் பயணத்துக்காகப் போடலை. காரணம் பஞ்சம். 1876–78 தாது வருஷப் பஞ்சத்துல சேலம் மாவட்டம் ரொம்ப அடிபட்டது. திருப்பத்தூரும் கிருஷ்ணகிரியும் அப்போ சேலம் மாவட்டம்தான். ரயில் எட்டாத ஊருக்கு மாட்டு வண்டியிலதான் தானியம் போகணும். தீவனம் இல்லாம மாடே செத்துப்போனா? அதனால 1880-ல பஞ்ச விசாரணைக் கமிஷன், வறண்ட பகுதிகளுக்கு ரயில் வேணும்னு சொன்னது. குறுகிய பாதைன்னா செலவு கம்மி. 1906-ல மொரப்பூர்–தர்மபுரி லைனும் இதே அகலத்துல வந்தது. 1913-ல அது ஓசூர் வரைக்கும் நீண்டது.

செலவைக் குறைச்ச அந்த அகலமே பிறகு வினையாச்சு. பெரிய பாதை வண்டி இதுல ஓடாது. வர்ற ஒவ்வொரு மூட்டையையும் திருப்பத்தூர்ல இறக்கி மறுபடி ஏத்தணும். லாரிக்கு அந்தத் தொல்லை இல்லை. கடை வாசலுக்கே வரும். 1940-களின் தொடக்கத்துக்குள்ள ரெண்டு லைனையும் மூடிட்டாங்க.

தர்மபுரிக்கும் ஓசூருக்கும் பின்னாடி சேலம்–பெங்களூரு பாதை கிடைச்சது. 2004-ல மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்னும் கிடைக்கலை. பஞ்சத்துக்குப் பயந்து போட்ட பாதைங்கிறதால, பஞ்ச பயம் போனதும் அதைக் கணக்குப் புத்தகத்தை மட்டும் வெச்சு எடை போட்டாங்கன்னு எனக்குத் தோணுது.

அன்னிக்கு எங்க வண்டி வந்தது. நண்பன் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடிச்சான்.