சில்லறைக்கு வந்த பஞ்சம்

இரண்டாம் உலகப் போர்க் காலத்து இன்னல்களை நம் பாட்டனார் தலைமுறை சொல்லக் கேட்டிருக்கிறோம். அரிசிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, துணிக்குப் பங்கீடு என்று அந்தப் பட்டியல் நீளும். அக்காலத்தில் காசுக்கும் பஞ்சம் வந்தது என்பதை மட்டும் வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்து விடுகின்றன. பணமே இல்லாத வறுமை ஒன்று. கையில் ரூபாய் இருந்தும் அதை மாற்றக் காலணா கிடைக்காத தவிப்பு வேறொன்று. இந்த இரண்டாவது தவிப்பைப் பற்றியே ஈண்டுப் பேசுகிறோம்.

அன்றைய கணக்கு இன்றைய இளைஞர்க்குப் புதிராக இருக்கும். ரூபாய்க்குப் பதினாறு அணா. அணாவுக்கு நான்கு காலணா. காலணாவுக்கு மூன்று தம்பிடி. ஆக, ஒரு ரூபாய்க்குள் 192 தம்பிடிகள் அடங்கியிருந்தன. சட்டை வெளுக்கக் கொடுத்தாலும், வெற்றிலை பாக்கு வாங்கினாலும், டிராமில் ஏறினாலும், வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாயிலில் நிற்கும் ஏழையின் கையில் இட்டாலும் புழங்கியது காலணாவும் அரையணாவுமே. ரூபாய் நோட்டு என்பது எளியவர் வீட்டுக்கு எப்போதேனும் வரும் விருந்தாளி.

இந்தப் பஞ்சத்துக்கு ஒரு முன்னோட்டம் முதல் உலகப் போரிலேயே நிகழ்ந்தது. வெள்ளியின் விலை ஏறவே, 1917 நவம்பர் 30-இல் அரசு ஒரு ரூபாய் நோட்டை வெளியிட்டது. அதைத் தொடர்ந்து இரண்டரை ரூபாய் நோட்டும் வந்தது. 1918-இல் அமெரிக்கா தன் கருவூலத்திலிருந்த வெள்ளியில் 20 கோடி அவுன்ஸ் விற்று இந்திய நாணயச் சாலைகளைக் காப்பாற்றியது. போர் முடிந்து நிலைமை சீரானதும், அச்சிடும் செலவு கட்டுபடியாகவில்லை என்று 1926-இல் அந்தச் சிறு நோட்டுகளை நிறுத்தி விட்டார்கள்.

1940-இல் பிரான்ஸ் வீழ்ந்தது. பிரிட்டனும் வீழ்ந்து விட்டால் அதன் காகிதத்துக்கு என்ன மதிப்பு என்ற அச்சம் இங்கே பரவியது. மக்கள் நோட்டுகளைக் கொடுத்து வெள்ளி ரூபாய்களை வாங்கிப் பத்திரப்படுத்தத் தொடங்கினார்கள். அரசு இரண்டு வழிகளில் மறுமொழி சொன்னது. தேவைக்கு மேல் நாணயம் சேர்ப்பது குற்றம் என்று அறிவித்தது. ஒரு ரூபாய் நோட்டை மீண்டும் கொண்டு வந்தது. இந்த நோட்டைச் சட்டம் நாணயமாகவே கருதியது என்பது ஒரு வேடிக்கை. அதே ஆண்டில் ரூபாயின் வெள்ளி, பன்னிரண்டில் பதினொரு பங்கிலிருந்து சரிபாதியாகக் குறைக்கப்பட்டது. நல்ல வெள்ளியை வைத்துக்கொண்டு பாதி வெள்ளியைச் செலவிடுவதே மனித இயல்பு. பழைய ரூபாய்கள் பெட்டிக்குள் போயின.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கெய்ரோவில் சந்தைக் கண்காணிப்பாளராக இருந்த வரலாற்றாசிரியர் அல்-மக்ரீஸி, பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைக் கண்டு எழுதினார். செப்புக் காசான ஃபுலூஸ் பெருகப் பெருக, வெள்ளித் திர்ஹம்கள் உருக்கப்பட்டு நகைகளாகிச் சந்தையை விட்டே மறைந்தன என்பதும், அதற்கு ஆட்சியாளரின் நாணயக் கொள்கையே பொறுப்பு என்பதும் அவருடைய வாதம்.

ஆனால் 1942, 43-இல் இங்கே மறைந்தது வெள்ளி மட்டுமன்று, காலணாவே மறைந்தது. செம்பும் நிக்கலும் போர்த் தளவாடங்களுக்குப் போயின. உலோகத்தின் சந்தை விலை ஏறியதால், காசைக் காசாகச் செலவிடுவதை விட உலோகமாக வைத்திருப்பது இலாபம் என்ற நிலை வந்தது. பதுக்குவோரை அரசு கடிந்தது. ஆயினும் முழுப் பழியையும் அவர்கள்மேல் போடுவது நியாயமன்று என்பது நம் கருத்து. பிரிட்டன் இந்தியாவில் வாங்கிய போர்ப் பொருள்களுக்கு லண்டனில் ஸ்டெர்லிங்கில் கணக்கு வைக்கப்பட்டது. அதை ஈடாகக் காட்டி இங்கே ரூபாய் நோட்டுகள் அச்சிடப்பட்டன. போர் ஆண்டுகளில் நோட்டுப் புழக்கம் ஐந்து மடங்குக்கும் மேல் பெருகியது. நோட்டு பெருகினால் அதை உடைக்கச் சில்லறையும் அதிகம் வேண்டுமல்லவா? அந்த வேகத்தில் காசு அடிக்க நாணயச் சாலைகளால் இயலவில்லை.

மீதிக் காசுக்குப் பதில் தபால் தலைகள் கைமாறின. வியர்வைக் கையில் ஒட்டிக்கொள்ளும் தபால் தலை எத்தனை நாள் பணமாக உழைக்கும்? கடைகள் துண்டுச் சீட்டு எழுதித் தந்தன. மோர்வி, நவநகர், பிக்கானீர், பூந்தி போன்ற சமஸ்தானங்கள் தாமே சிறு கூப்பன்களை அச்சிட்டன. கடைச் சீட்டிலிருந்த சூட்சுமத்தைக் கவனிக்க வேண்டும். அது கொடுத்த கடையில் மட்டுமே செல்லும். அரையணா மீதிக்குச் சீட்டு வாங்கியவர், விலை கூடுதல் என்று தெரிந்தும் மறுபடி அதே படியேற வேண்டும். சீட்டு வேண்டாம் என்றால் மீதியை விட்டுவிட வேண்டும். வசதியுள்ளவர் மாதக் கணக்கு வைத்துக் கொண்டார். அன்றன்றைய கூலியில் அன்றன்று வாங்கியவருக்குக் கணக்கு வைப்பவர் யார்?

நம் காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் வணிகம் செய்த இலங்கையிலும் இதே நிலைதான். அங்கே 1942-இல் ஐந்து சதத்துக்கே நோட்டு வந்தது. அதன் நடுவே துளைக்கோடு இட்டு, இரண்டு சதமாகவும் மூன்று சதமாகவும் பிரித்துச் செலவிட வழி செய்திருந்தார்கள். தபால் தலை காசான கதையை அரசே பின்பற்றியது எனலாம்.

1943-இல் வந்ததுதான் நம் ஊர்களில் பெயர் பெற்ற ஓட்டைக் காலணா. பழைய காலணா 75 குன்றிமணிக்குப் பதிலாக ஆங்கில அளவையான கிரெயினில் 75 எடை. புதியது 30 தான். நடுவில் பெரிய துளை. உருக்குவதால் பயனில்லை என்றாக்கியதே அதன் சிறப்பு. சிறுவர்கள் அதைக் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிக் கொண்டார்கள். போர் முடிவதற்குள் அமெரிக்காவிலிருந்து மீண்டும் 22 கோடியே 60 லட்சம் அவுன்ஸ் வெள்ளி கடனாக வந்தது. 1947-இல் ரூபாய் நிக்கலாயிற்று. வெள்ளிக் கடனைத் திருப்பும் பொறுப்பு விடுதலை பெற்ற நாடுகளின் தலையில் விழுந்தது.

1957 ஏப்ரல் முதல் நாள் நயா பைசா வந்தது. ரூபாய்க்கு நூறு பைசா என்றால் காலணாவுக்கு ஒன்றரைப் பைசாவுக்குச் சற்றே மேல். அரைப் பைசாவுக்கு நாணயம் இல்லாததால், மாற்றுக் கணக்கில் காலணா இரண்டு பைசாவாக உயர்த்தப்பட்டது. ஓரணாவோ ஆறு பைசாவாயிற்று. ஓரணாவுக்கு மொத்தமாக வாங்கியவர் ஆறு பைசா கொடுத்தார். அதையே நான்கு முறை காலணா காலணாவாக வாங்கியவர் எட்டுப் பைசா கொடுத்தார்.