ஆயிரம் கணினிக்கு ஒரே டாக்டர்

இன்னிக்கு கொஞ்சம் கம்ப்யூட்டர் வரலாறு. டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேக்காதீங்க, நடுவுல நம்ம நோய் எதிர்ப்பு சக்தியும் இன்சுலினும் வரும்.

நீங்க போன்ல வங்கி ஆப்பைத் திறக்குறீங்க. எதிர்ப்பக்கம் பதில் சொல்வது ஒரு முழு கம்ப்யூட்டர் என்று நினைப்பீர்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. ஒரு பெரிய இயந்திரத்தை மென்பொருளால் தடுத்து, பல கணினிகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். பெரிய வீட்டைத் தடுத்து பத்துக் குடித்தனம் வைக்கிற மாதிரி. ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி வாசல், தனிப் பூட்டு. இதுதான் வர்ச்சுவல் மெஷின்.

இது பழைய யோசனை. 1960களில் ஐபிஎம் செய்து பார்த்து, 1972-ல் விஎம்/370 என்ற பெயரில் அறிவித்தது. 1999-ல் விஎம்வேர் அதைச் சாதாரண பிசிக்குக் கொண்டுவந்தது. 2006 ஆகஸ்டில் அமேசான், மணிக்கு 10 சென்ட் கொடுத்தால் ஒரு கணினி வாடகைக்கு என்றது.

அங்கேதான் சிக்கல் ஆரம்பம். முன்னாடி ஒரு சர்வர் வேணும்னா ஆர்டர் போட்டு, வந்து சேர்ந்து, ரேக்கில் மாட்ட நாள் கணக்காகும். இப்போ நினைத்த நிமிடத்தில் நூறு கணினி. சரி, அந்த நூறையும் யார் பராமரிப்பது? நேரில் போய்ப் பார்க்க அங்கே பெட்டியே கிடையாது. எல்லாமே தூரத்திலிருந்து செய்ய வேண்டிய வைத்தியம்.

தூரத்திலிருந்து பத்திரமாக உள்ளே போக வழி 1995-லேயே வந்துவிட்டது. ஃபின்லாந்தில் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடினார்கள். அப்போதெல்லாம் பாஸ்வேர்டு அப்படியே வெளிப்படையாகக் கம்பியில் போகும். அங்கே இருந்த டாட்டு யுலோனென் எழுதிய தீர்வுதான் எஸ்எஸ்ஹெச். இன்றும் உலகம் முழுக்க சர்வர்களின் வாசல் சாவி அதுதான். ஆனால் அது ஒரு வாசலுக்குள் போகத்தான் உதவும். ஆயிரம் வாசல் இருந்தால்?

இந்தக் கேள்விக்கு எனக்குப் பிடித்த பதிலைச் சொன்னவர் மார்க் பர்கெஸ். இயற்பியல் படித்தவர். 1993-ல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில், தங்கள் குழுவின் விதவிதமான யூனிக்ஸ் கணினிகளைப் பராமரிக்க சிஎஃப்என்ஜின் என்ற கருவியை எழுதினார். 1998-ல் அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே 'கணினி நோய் எதிர்ப்பியல்' என்று பொருள்படும். நம் உடம்பு டாக்டரைக் கேட்டுக்கொண்டு காத்திருப்பதில்லையே, தானே சரிசெய்துகொள்கிறதே, கணினியும் ஏன் அப்படி இருக்கக் கூடாது என்பது அவர் கேள்வி.

இதை எங்க பாஷையில் சொல்றேன். ஐசியூவில் "10 யூனிட் இன்சுலின் போடுங்க சிஸ்டர்" என்பது ஒரு வகை உத்தரவு. அதை ட்யூட்டி மாறும்போது தெரியாமல் இரண்டு பேர் நிறைவேற்றினால் 20 யூனிட். நோயாளி மயங்கிவிடுவார். "சர்க்கரையை 140 முதல் 180-க்குள் வையுங்க" என்பது வேறு வகை. இதை எத்தனை பேர் எத்தனை முறை படித்தாலும், ஒவ்வொரு முறையும் அளந்து பார்த்து, தேவை இருந்தால்தான் மருந்து.

பர்கெஸ் கணினிக்கு இரண்டாவது வகை உத்தரவை எழுதச் சொன்னார். 'இதைச் செய்' என்று சொல்லாதே, 'இப்படி இருக்க வேண்டும்' என்று சொல். ஏற்கெனவே அப்படி இருந்தால் கருவி கை வைக்காது. என்னைக் கேட்டால், இந்தத் துறையின் உண்மையான கண்டுபிடிப்பு இதுதான். பின்னால் வந்ததெல்லாம் இதன் பிள்ளைகள்.

2005-ல் பப்பெட் வந்தது. இதன் ஏஜென்ட் ஒவ்வொரு கணினியிலும் உட்கார்ந்து, வழக்கமாக 30 நிமிடத்துக்கு ஒரு முறை நிலையைச் சரிபார்க்கும். சிஸ்டர் ரவுண்ட்ஸ் வந்து பிபி பார்ப்பது போல. 2012-ல் மைக்கேல் டிஹான் எழுதிய ஆன்சிபிள், ஏஜென்டே வேண்டாம், எஸ்எஸ்ஹெச் வாசல் போதும் என்றது. (பெயர் அறிவியல் புனைகதையிலிருந்து வந்தது. நட்சத்திரங்களுக்கிடையே உடனடியாகப் பேசும் கருவிக்கு அர்சுலா லெ குவின் 1966 நாவலில் வைத்த பெயர்.)

இதெல்லாம் வந்த பிறகும் கையால் செய்தால் என்ன ஆகும்? அதே 2012, ஆகஸ்ட் 1. அமெரிக்காவின் நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம். புது மென்பொருளை 8 சர்வர்களில் போட வேண்டும். போட்டவர் 7-ல் போட்டார், ஒன்று விட்டுப்போனது. இன்னொருவர் சரிபார்க்கவும் இல்லை. சந்தை திறந்ததும் அந்த எட்டாவது சர்வரில் வருடக்கணக்கில் தூங்கிக்கொண்டிருந்த பழைய நிரல் எழுந்து, வாங்கி விற்கத் தொடங்கியது. 45 நிமிடத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள். நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல்.

நடுவில் பதறிப்போய், நன்றாக இருந்த 7 சர்வர்களிலிருந்து புது நிரலை எடுத்தார்கள். அப்புறம் அந்த ஏழும் சேர்ந்து பழைய நிரலை ஓட்டின. தவறான காலில் ஆபரேஷன் செய்த கதைதான்.

இன்னொன்றும் உண்டு. சந்தை திறக்கும் முன்பே கணினி 97 மின்னஞ்சல்கள் அனுப்பியிருந்தது. அவற்றை எச்சரிக்கையாக யாரும் வடிவமைக்கவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. ஓயாமல் கூவும் மானிட்டரை வார்டில் யாரும் திரும்பிப் பார்க்காமல் போவது எங்களுக்குப் புதுசு இல்லை.

அப்போ எல்லாத்தையும் கருவி கையில் கொடுத்துட்டா பிரச்சினை தீர்ந்ததா? 2017 பிப்ரவரி 28-ஐப் பாருங்க. அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை, வட வர்ஜீனியா. பில்லிங் மெதுவாக ஓடுகிறது என்று சில சர்வர்களை மட்டும் நீக்க ஓர் ஊழியர் கட்டளை கொடுத்தார். அனுமதி பெற்றவர், எழுதி வைத்த நடைமுறைப்படிதான் செய்தார். கட்டளையில் ஒரு மதிப்பு மட்டும் தவறாகப் பதிவானது. கருவி சொன்னதை உடனே செய்தது. தேவையான சர்வர்களும் சேர்ந்து போய்விட்டன. அதை நம்பியிருந்த எத்தனையோ இணையதளங்கள் மணிக்கணக்கில் படுத்துவிட்டன. திரும்ப எழுப்பவும் நேரமானது, ஏன்னா அந்தப் பகுதியை அவர்கள் பல வருடங்களாக முழுசாக ரீஸ்டார்ட் செய்ததே இல்லை.

அதன்பின் கருவியை மாற்றினார்கள். இப்போது அது சர்வர்களை மெதுவாகத்தான் நீக்கும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போக விடாது. எங்க இன்ஃப்யூஷன் பம்பில் உச்ச வரம்பு வைப்பது போலத்தான்.

அன்று காலை இன்னொரு கூத்தும் நடந்தது. அமேசானின் எந்தச் சேவை நன்றாக இருக்கிறது, எது விழுந்தது என்று காட்டும் பக்கத்தை ஏறக்குறைய 2 மணி நேரம் அவர்களால் மாற்ற முடியவில்லை. அந்தப் பக்கத்தை மாற்றும் கருவியும் எஸ்3-ஐ நம்பித்தான் இருந்தது. வாடிக்கையாளர்களுக்கு ட்விட்டரில் தகவல் சொன்னார்கள்.