குற்றப்பத்திரிகையில் இல்லாத வரி

1997 ஜனவரியில், தான்சானியாவின் அருஷா நகரில், ஐ.நா. அமைத்த தீர்ப்பாயத்தின் முன் ழான்-பால் அகயேசு நின்றார். ருவாண்டாவின் தாபா வட்டாரத்துக்கு மேயராக இருந்தவர். அதற்கும் முன்னால் பள்ளிக்கூட வாத்தியார். 1994-இல் நூறு நாளில் எட்டு லட்சம் பேர்வரை வெட்டிச் சாய்க்கப்பட்ட தேசம் அது. குற்றப்பத்திரிகையில் கொலை இருந்தது, சித்திரவதை இருந்தது, இனப்படுகொலையும் இருந்தது. பெண்களுக்கு நேர்ந்ததைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை.

சாட்சிகளுக்குப் பெயர் கிடையாது, எழுத்துதான். கொல்ல வந்த மூன்று பேர் தன் ஆறு வயது மகளை வன்புணர்ந்ததைச் சாட்சி 'ஜே' சொன்னார். நீதிபதிகள் அதோடு விடவில்லை, மேலும் கேட்டார்கள். மேயர் அலுவலகத்திலேயே இளம்பெண்களுக்கு இது நடந்ததாகக் கேள்விப்பட்டேன் என்றார் அவர். பிறகு வந்த 'எச்', சோளக்காட்டில் தனக்கு நேர்ந்ததையும், அந்த அலுவலகத்துக்கு வெளியே தன் கண்ணால் கண்டதையும் சொன்னார். பெண்கள் அமைப்புகளும் நெருக்கின. ஜூன் மாதம் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது.

நீதிபதிகள் மூவரில் ஒரே பெண் நவநீதம் பிள்ளை. தமிழ் வம்சாவளி, டர்பனில் ஒரு பஸ் டிரைவரின் மகள்.

1998 செப்டம்பர் 2 அன்று தீர்ப்பு வந்தது. வன்புணர்வு என்றால் என்ன என்பதற்குச் சர்வதேசச் சட்டத்தில் அதுவரை ஏற்கப்பட்ட வரையறையே இல்லை. இவர்கள் எழுதினார்கள்: நிர்ப்பந்தமான சூழலில் ஒருவரின் உடல்மீது நிகழ்த்தப்படும் பாலியல் ஆக்கிரமிப்பு. எந்த உறுப்பு, எப்படி என்று சாட்சியைக் குடைந்தெடுக்கும் வேலை இதில் இல்லை. துப்பாக்கியும் வெட்டரிவாளும் சூழ நிற்கும்போது அவள் போராடினாளா என்ற கேள்விக்கும் இடமில்லை. ஓர் இனத்தை ஒழிக்கும் நோக்கில் செய்தால் அது இனப்படுகொலையே என்று ஒரு சர்வதேச நீதிமன்றம் சொன்னதும் அன்றுதான் முதல்முறை. அகயேசுவுக்கு ஆயுள் தண்டனை.

1949-இன் ஜெனீவா உடன்படிக்கை வன்புணர்வைப் பெண்ணின் கௌரவத்தின் மீதான தாக்குதல் என்றே எழுதியிருந்தது. நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 'மானபங்கம்' என்றோம், 'கெடுத்துவிட்டான்' என்றோம். செய்தவன் அவன், கெட்டுப்போனவள் அவள்! 'கற்பழிப்பு' என்று எழுதுகிற பேனாக்கள் இன்னும் இருக்கின்றன. நிறுத்திவிடுங்கள்.