இன்னைக்கும் ஜெபம் வேணுமாப்பா?

இரவு எட்டரை மணிக்குக் குடும்ப ஜெபத்துக்குக் கூப்பிட்டால் என் மகன் கேட்கும் கேள்விதான் தலைப்பில் இருப்பது. ஊரை விட்டு வந்த நம் வீடுகள் பலவற்றிலும் இதே கேள்விதான். அவனுக்குச் சொன்ன பதிலை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

நம் சபைகளில் 'ஊழியம்' என்றால் கடவுளுக்குச் செய்யும் தொண்டு. ஆனால் இருநூறு வருடங்களுக்கு முன் திருப்புறம், நெய்யாற்றின்கரை, பாறசாலை பக்கம் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு. திருவிதாங்கூர் அரசுக்குக் கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய வேலைக்குத்தான் அந்தப் பெயர். பனையேறிகளும், அவர்களுக்கும் கீழே தள்ளப்பட்டவர்களும் கூப்பிட்டபோது போயாக வேண்டும். வாரத்தில் ஒரு நாள்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை.

1806-இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே ஐயர் திருவிதாங்கூருக்குள் வந்தார். அவரை வரவேற்றவர் தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பியிருந்த மயிலாடி வேதமாணிக்கம். 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழும்பியது. 1816-இல் ரிங்கல்தௌபே உடல்நலம் கெட்டுப் புறப்பட்டுப் போனார். மீட் ஐயர் வந்து சேர்ந்தது 1818-இல். இடைப்பட்ட காலத்தில் சபைகளைக் கட்டிக் காத்தவர் வேதமாணிக்கம்தான். நம்ம ஊர் விசுவாசம் அப்போதே சொந்தக் காலில் நின்றது!

கிறிஸ்தவர்களிடம் ஞாயிற்றுக்கிழமை ஊழியம் வாங்கக் கூடாது என்று பிறகு அரசாணை வந்தது. ஆராதனைக்கென்று விடப்பட்ட நாள்தான். ஆனால் அடிமாடு போல உழைத்த குடும்பத்துக்கு அது என்னவாக இருந்திருக்கும்? யாரும் அதட்டாத ஒரு நாள். குளித்து, துவைத்த துணி உடுத்தி, மற்றவர்களோடு சரிசமமாகத் தரையில் உட்கார்ந்த ஒரு நாள்.

அங்கே எழுத்தும் கிடைத்தது. பல ஊர்களில் ஞாயிறு ஆலயமாக இருந்த ஓலைக்கூரைதான் வாரநாளில் பள்ளிக்கூடம். உபதேசியார் வசனத்தைச் சொல்லிக் கொடுப்பார், பிள்ளைகள் மனப்பாடம் செய்து, பிறகு எழுத்துக் கூட்டுவார்கள். 1845-இல் பாறசாலை தனி மிஷன் வட்டாரமாகி, ஆப்ஸ் ஐயர் அங்கே பொறுப்பேற்றார். வேதம் வாசிக்கத் தெரிந்தவன் வரிச்சீட்டையும் கடன்பத்திரத்தையும் வாசிப்பான். வங்கியில் வேலை பார்ப்பவன் நான்; கைநாட்டுக்கும் கையெழுத்துக்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும்.

இந்தப் பலம் சோதிக்கப்பட்டது. 1858–59 தோள்சீலைக் கலவரத்தில் பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது, ஆலயங்களும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன. ஜனங்கள் கலைந்து போய்விடவில்லை. 1859 ஜூலை 26-இல் நாடார் பெண்கள் மேலுடம்பை மூடலாம் என்று மகாராஜா அறிவிக்க வேண்டி வந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது என்பது வேறு விஷயம்.

ஒன்றை ஒளிக்கக் கூடாது. ஜெபித்த வாய்கள் சாதியை உடனே விட்டுவிடவில்லை, சபைக்குள்ளும் அது இருந்தது. அதேபோல, விடுதலை ஒரே வாசல் வழியாகவும் வரவில்லை. அதே நெய்யாற்றின்கரைப் பக்கம் அருவிப்புறத்தில்தான் 1888-இல் ஸ்ரீ நாராயண குரு சிவலிங்கப் பிரதிஷ்டை செய்தார்.

1956-இல் மாநில எல்லை வந்தது. விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. 1959-இல் தென்னிந்தியத் திருச்சபையும் தென்கேரளம், கன்னியாகுமரி என்று இரண்டு பேராயங்களானது. எங்கள் பக்கம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் படித்தார்கள். என் பாட்டி மட்டும் தமிழ் வேதாகமத்தில் விரல் வைத்து, எழுத்தெழுத்தாக, தினமும் ஒரு அதிகாரம் வாசிப்பாள். அவளுடைய அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. வேதம்தான் பாட்டிக்குப் பள்ளிக்கூடம்.

வேலைப் பயம், விசா கவலை, தனிமை – நமக்கும் பாரங்கள் உண்டு. ஜெபித்தால் எல்லாம் மறுநாளே தீர்ந்துவிடும் என்று மகனிடம் நான் சொல்லவில்லை. நம் முன்னோருக்கும் அப்படித் தீரவில்லை. ஆனால் வாராவாரம் கூடியதால், யாரும் தனியாக அடி வாங்கவில்லை. தினமும் வாசித்ததால், தான் யாருக்கும் அடிமை இல்லை என்று தினமும் ஒரு முறை காதில் விழுந்தது.

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு, "பாட்டி வாசிச்ச புஸ்தகம் நம்மகிட்ட இருக்காப்பா?" என்றான்.

இருக்கிறது. அன்றைக்கு அதில்தான் வாசித்தோம். அவனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் வரும். பரவாயில்லை, பாட்டியும் அப்படித்தான் வாசித்தாள்.