உவர் மண்ணில் நெல்லும் சிலிக்கானும்: ஒரு விளக்கம் உருவான வரலாறு

புவியோட்டின் நிறையில் கால்பங்குக்கும் மேலாக உள்ள சிலிக்கான், மண்நீரில் கரைந்த சிலிசிக் அமிலமாக வேரை அடைந்து, நெல்லின் தண்டிலும் இலையிலும் உலர் எடையில் பத்தில் ஒரு பங்கு வரைகூடச் சேர்கிறது. உமியின் சொரசொரப்பும், அதை எரித்தபின் எஞ்சும் மிகுதியான சாம்பலும் இச்சேர்க்கையின் விளைவுகளே. இருப்பினும் உவர் நிலத்தில் பயிரைக் காப்பதில் இத்தனிமத்துக்குள்ள பங்கு 1980-களில்தான் கவனம் பெறத் தொடங்கியது. இத்தாமதத்துக்கு ஆய்வாளரின் அசட்டையைவிட அவர்கள் கைக்கொண்ட ஆய்வுமுறையே பெரிதும் காரணம் எனலாம்.

புற்களின் மேல்தோலில் படியும் சிலிக்கா தண்டைத் தாங்கவும் பூச்சிகளைத் தடுக்கவும் உதவலாம் என்று ஆங்கில வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி 1813-இல் வெளிவந்த தம் வேளாண் வேதியியல் நூலில் கருதினார். ஆனால் மண்ணின்றி உப்புக் கரைசலிலேயே செடி வளர்க்கும் முறையைக் கையாண்ட ஜெர்மானியர் ஜூலியஸ் சாக்ஸ், சிலிக்கா சேர்க்காத கரைசலிலும் மக்காச்சோளம் செவ்வனே வளர்வதை 1862-இல் காட்டியதும், அது இன்றியமையாத ஊட்டமன்று என்னும் கருத்து வலுப்பெற்றது. ஒரு தனிமம் இல்லாவிடில் செடி தன் வாழ்க்கைச் சுழற்சியை முடிக்க இயலாது என்றால் மட்டுமே அது இன்றியமையாதது என 1939-இல் ஆர்னனும் ஸ்டவுட்டும் வகுத்த வரையறை அக்கருத்தை உறுதிப்படுத்தியது. நோயும் உவரும் வறட்சியும் அண்டாத ஆய்வகத் தொட்டியில் கேட்கப்பட்ட கேள்விக்குக் கிடைத்த விடை, வயலுக்கும் உரியதாகக் கொள்ளப்பட்டது. சிலிக்கான் நீக்கிய கரைசலில் வளரும் செடியே இயல்புக்கு மாறானது என்று எமானுவேல் எப்ஸ்டைன் 1994-இல் எழுதும்வரை இம்மயக்கம் பரவலாக நீடித்தது.

ஜப்பானின் போக்கு வேறாக இருந்தது. குலைநோய் தாக்கிய நெல்லில் சிலிக்கான் குறைந்திருப்பதை 1917-இல் ஒனோதெரா கண்டறிந்தார். 1955-இல் இரும்பாலைக் கசடு சிலிக்கேட் உரமாக அங்கு ஏற்கப்பட்டது. சிலிக்கேட் பெற்ற நெல் உப்பின் தீங்கிலிருந்து ஓரளவு மீள்கிறது என்று 1986-இல் மாத்தோவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை இந்த மரபில் வந்ததே. பயன் தெரிந்துவிட்டது, அது எவ்வழியில் கிட்டுகிறது என்பதே அதன்பின் எழுந்த வினா.

உவர் மண்ணின் உப்பு, வேர் நீர் உறிஞ்சுவதைக் கடினமாக்குவதோடு, சோடியமாக இலைகளில் குவிந்து, பொட்டாசியம் செய்ய வேண்டிய வேலைகளையும் குலைக்கிறது. வேரின் உள்ளடுக்கான அகத்தோலில், செல்சுவர்களின் ஊடே நீர் தடையின்றிப் புகாதவாறு காஸ்பாரியன் பட்டை என்னும் நீரை விலக்கும் தன்மை கொண்ட தடுப்பு அமைந்திருக்கிறது. ஆதலால் உள்ளே செல்லும் எதுவும் செல் சவ்வின் சோதனையைக் கடந்தாக வேண்டும். நெல்லிலோ இத்தடுப்பு முழுமையாக இல்லாத இடங்களின் வழியே ஒரு சிறு பங்கு நீர் சவ்வைத் தொடாமலே தண்டை நோக்கிச் செல்கிறது. புறவழி ஓட்டம் எனப்படும் இக்கசிவு அளவில் அற்பமாயினும், சோடியத்தின் பெரும்பகுதி அதன் வழியேதான் ஏறுகிறது. சவ்வைக் கடக்க இயலாத ஒளிரும் சாயமொன்றை வேரிலிட்டு, தண்டில் அது எவ்வளவு சேர்கிறது என்பதைக் கொண்டு, இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் யியோவும் ஃப்ளவர்ஸும் இக்கசிவை அளந்தனர். சிலிக்கேட் சேர்த்தபோது சாயமும் சோடியமும் சேர்ந்தே குறைந்தன என்று 1999-இல் அக்குழு அறிவித்தது. நீராவிப்போக்கு குறைவதால் உப்பும் குறைகிறது என்ற எளிய விளக்கத்தை இது தகர்த்தது. ஏனெனில் உப்பில் வாடிய செடிகளின் இலைத்துளைகள் சிலிக்கேட் பெற்றபின் கூடுதலாகவே திறந்திருந்தன.

அடைப்பு நிகழும் இடத்தை 2006-இல் காங், ராண்டல், ஃப்ளவர்ஸ் ஆகியோர் காட்டினர்: வேரின் புற அடுக்கிலும் அகத்தோலிலும் சிலிக்கா படிந்திருந்தது. சிலிக்கானை ஒத்ததும் செடிக்கு நஞ்சானதுமான ஜெர்மேனியத்தைத் தாங்கிய நெல் திரிபுகளைப் பிரித்தெடுத்துத் தொடங்கிய தேடலின் முடிவில், ஜப்பானின் ஒகயாமா பல்கலைக்கழகத்தில் மா ஜியான் ஃபெங் குழுவினர் சிலிசிக் அமிலத்தைச் செல்லுக்குள் விடும் எல்எஸ்ஐ1 புரதத்தை அதே ஆண்டிலும், அதை மறுபுறம் வெளியேற்றும் எல்எஸ்ஐ2 புரதத்தை 2007-இலும் இனங்கண்டனர். இவ்விரண்டும் அமைந்திருப்பது, கசிவு தடுக்கப்பட வேண்டிய அதே இரு அடுக்குகளில்தான்.

இதற்கிடையே, சிலிக்கான் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு நொதிகளைத் தூண்டுகிறது என்னும் கட்டுரைகள் ஏராளமாகப் பெருகின. சோடியம் குறைவாக ஏறிய செடியில் நொதிகள் மாறியிருப்பது காரணமா, விளைவா என்பதை அவற்றுள் பல பிரித்துக் காட்டவில்லை. வேரின் சவ்வுகளைக் கடக்கும் சோடிய ஓட்டத்தைக் கதிரியக்கச் சோடியம் கொண்டு அளந்த 2018-ஆம் ஆண்டு ஆய்வில், உவர் தாங்காத ஐஆர்29 இரகத்திலும், கேரளக் கடலோரத்தின் உவர் தாங்கும் பொக்காளியிலும் சிலிக்கான் அவ்வோட்டத்தை மாற்றவில்லை என்று தெரிந்தது. செல்லுக்குள் நிகழும் மாற்றங்களைவிடச் செல்லுக்கு வெளியே நிகழும் அடைப்பே முதன்மையானது என்று 2019-இல் காஸ்குனும் பிறரும் முன்வைத்த கருதுகோளுக்கு இது அரணாகிறது. ஆயினும், கராச்சிப் பல்கலைக்கழகத்தின் 1992-ஆம் ஆண்டுச் சோதனையில் சிலிக்கானால் பயனடைந்தது கோதுமை. அதன் வேரில் புறவழி ஓட்டம் நெல்லைவிட மிகக் குறைவு என்பதால், நெல்லைக் கொண்டு பெற்ற விளக்கத்தை அப்படியே அதன்மேல் ஏற்றிக் கூறுவதற்கில்லை.