கலீபாவின் கேள்விகள்

சமய உரையாடல் என்றதும் நம்மவர் பலருக்கு மேடை விவாதமும் யார் வென்றார் என்ற பேச்சுமே நினைவுக்கு வருகின்றன. பக்தாதில் கி.பி. 781ஆம் ஆண்டளவில் நடந்த ஓர் உரையாடல் வேறு தினுசானது. கேட்டவர் அப்பாஸியக் கலீபா அல்மஹ்தி. பதில் சொன்னவர் கிழக்குத் திருச்சபையின் தலைவர் முதலாம் திமோத்தேயு. இரண்டு நாட்கள் பேசியிருக்கிறார்கள். திமோத்தேயு சுரியானி மொழியில் எழுதிய கடிதம் மூலமே அது நமக்குக் கிடைத்துள்ளது. ஆகவே, இது ஒரு தரப்பாரின் பதிவு என்பதை மறந்துவிடலாகாது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பற்றி என்ன சொல்கிறீர் என்று கலீபா நேரடியாகவே கேட்கிறார். அவரது ஆட்சியின் கீழ் வாழும் ஒருவருக்கு இது இக்கட்டான கேள்வி. திமோத்தேயு முகத்துக்காகக் கலிமா சொல்லவுமில்லை, இழித்துரைக்கவுமில்லை. நபிமார்களின் பாதையில் அவர் நடந்தார், சிலை வணக்கத்திலிருந்து மக்களை மீட்டு ஏக இறைவன்பால் திருப்பினார் என்கிறார். ஆனால், தமது வேதம் முன்னறிவித்த தேற்றரவாளர் அவரே என்பதை ஏற்க மறுத்துவிடுகிறார். கலீபா சினந்து எழுந்துவிடவில்லை. அடுத்த கேள்விக்குப் போகிறார்.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னோர் இடம். அல்குர்ஆனில் அல்லாஹ் 'நாம்' என்று பன்மையில் பேசுவதைத் திமோத்தேயு திரித்துவத்துக்குச் சான்றாக எடுக்கிறார். அது எண்ணிக்கையைக் குறிக்கும் பன்மையல்ல, மாட்சிமையைக் குறிப்பது என்று கலீபா விளக்க நேர்கிறது. இதே கேள்வியைச் சைவ மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டிருக்கிறான். நம் பிள்ளைகள் கேட்பதில்லை. ஓதிப் பழகிய காதுக்கு அது உறைப்பதில்லை. தவ்ஹீதை நாம் சொற்களில் விளக்க வேண்டி வருவது பெரும்பாலும் அடுத்த வீட்டார் கேட்கும்போதுதான்.

இருண்ட வீட்டில் விழுந்த முத்தை ஒருவன் எடுக்க, கல்லையும் கண்ணாடியையும் எடுத்த மற்றவர்களும் முத்து தம்மிடமே என்றிருப்பார்கள், விடிந்தால்தான் தெரியும் என்று திமோத்தேயு உவமை சொல்கிறார். முத்துக்குரியவர் யாரென்பது இவ்வுலகில் தெரியாது என்கிறார் கலீபா.

இதைக்கொண்டு அல்மஹ்தியை இக்காலச் சமரசவாதியாக்குவது சரியல்ல. ஸிந்தீக்குகள் என்று குற்றஞ்சாட்டி மானி மதத்தாரைத் தேடித் தண்டித்தவரும் அவரே. வேதக்காரருக்கிருந்த பாதுகாப்பு அவர்களுக்கு இருக்கவில்லை. எனினும் விவாதக் கலையைக் கற்க விரும்பினார். அதுபற்றி அரிஸ்டாட்டில் எழுதிய 'தொப்பிக்கா' நூலை அறபியில் பெயர்க்கும் பணியை அவர் ஒப்படைத்தது திமோத்தேயுவிடமே. அபூ நூஹ் என்ற கிறிஸ்தவ அறிஞரின் துணையோடு அவர் அதை முடித்துக் கொடுத்தார்.